ஒட்டலாமா... மாற்றலாமா?

ஆணி குத்தினால் ஒட்டிக்கொள்ளலாம். பக்கவாட்டில் புடைத்தால்? வெடிப்பு விட்டால்? தேய்ந்துபோனால்? கார் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் எழும் கேள்விக்கு ஒரு வழிகாட்டி.

காலை ஏழு மணி. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி திருச்சி நோக்கிப் போகும் சாலையோரம் ஒரு புளியமரம். வெள்ளைப் பெயின்டில் ‘பஞ்சர்’ என்று எழுதிய பழைய டயர் அதில் தொங்குகிறது. மரத்தடியில் ஒரு கார். பின் இருக்கையில் பட்டுப்பாவாடை கட்டிய குழந்தை பாட்டி மடியில் தூங்குகிறது. சமயபுரத்தில் அந்தக் குழந்தைக்குத்தான் காதுகுத்து. பத்தரை மணிக்குள் கோயிலில் இருந்தாக வேண்டும்.

இடது முன் டயரில் காற்று இறங்கியிருந்தது. கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, காற்றேற்றி, சோப்புத் தண்ணீரைத் தடவினார். நடுப்பகுதியில் நுரை பொங்கியது. சின்ன ஆணி. காரின் உரிமையாளர் முகத்தில் நிம்மதி. “சின்ன பஞ்சர்தானே அண்ணே, சீக்கிரம் போட்டு விட்டுடுங்க.”

கடைக்காரர் ஆணியைத் தொடவில்லை. சக்கரத்தை மெல்ல உருட்டினார். காரின் அடிப்பக்கம் பார்த்திருந்த, வெளியே நின்று பார்த்தால் கண்ணுக்கே படாத உட்பக்கச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி ஒட்டிவைத்தது போல ஒரு புடைப்பு. சாக்பீஸ் எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

“ஆணி பிரச்சினையே இல்ல சார். இதுதான் பிரச்சினை. எங்கியோ பள்ளத்துல பலமா விட்டிருக்கீங்க.”

“ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்காதாப்பா?” என்றார் பாட்டி, காருக்குள்ளிருந்தே.

“தாங்கினாலும் தாங்கும்மா. தாங்கலன்னா என்ன பண்றது? வண்டியில புள்ள இருக்கு. இதை நான் ஒட்டித் தர மாட்டேன்.”

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தார்கள். காற்றழுத்தம் பார்க்கும் கேஜை வைத்தார் கடைக்காரர். முப்பதுக்கு மேல் காட்ட வேண்டியது, பன்னிரண்டு காட்டியது.

இந்தக் காட்சி நம் நெடுஞ்சாலைகளில் தினமும் எங்கோ ஓரிடத்தில் நடக்கிறது. எல்லாக் கடைக்காரர்களும் இவரைப் போல மறுப்பதில்லை. எல்லா வண்டிக்காரர்களும் சொன்னால் கேட்பதில்லை. முகூர்த்தம், விமானம், தேர்வு, ஆஸ்பத்திரி என்று ஏதோ ஓர் அவசரம் பின்னாலிருந்து தள்ளும்போதுதான் டயர் பற்றிய முடிவை எடுக்கிறோம். நிதானமாக வீட்டு வாசலில் எடுத்திருக்க வேண்டிய முடிவு அது.

வெடித்தது விதியா?

“திடீர்னு டயர் வெடிச்சிடுச்சு, என்ன பண்றது, விதி.” விபத்துச் செய்திகளுக்குப் பின் நாம் வழக்கமாகக் கேட்கும் வாக்கியம். இந்த வாக்கியத்துக்கு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது.

2010 அக்டோபர் 25. புனேயிலிருந்து மும்பைக்குச் சென்ற ஒரு காரின் பின் டயர் வெடித்து, கார் பள்ளத்தில் கவிழ்ந்தது. அதில் பயணம் செய்த 38 வயதுக்காரர் இறந்தார். அவர் குடும்பத்துக்கு விபத்துத் தீர்ப்பாயம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. டயர் வெடிப்பு கடவுளின் செயல், அதற்கு யாரும் பொறுப்பல்ல என்று வாதிட்டு இன்சூரன்ஸ் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2023-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அதிவேகம், குறைந்த காற்று, அதிகக் காற்று, பழைய டயர், வெப்பம் என்று டயர் வெடிப்பதற்குக் காரணங்கள் உண்டு. பயணத்துக்கு முன் டயரின் நிலையைப் பார்ப்பது ஓட்டுநர் அல்லது உரிமையாளரின் கடமை. எனவே இது மனிதக் கவனக்குறைவு என்றது நீதிமன்றம்.

2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள், 64,105, பதிவான மாநிலம் தமிழ்நாடு. இவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. டயர் அவற்றில் ஒன்று மட்டுமே. ஆனால் புறப்படுமுன் நம் கையாலேயே சரிபார்த்துவிடக்கூடிய காரணம் அது.

அடி எங்கே என்பதுதான் கேள்வி

சேதமான டயரைப் பார்த்ததும் ‘எவ்வளவு பெரிய ஓட்டை?’ என்றுதான் கேட்கிறோம். ‘எந்த இடத்தில்?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சாலையைத் தொடும் நடுப்பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிகள் பின்னிய பட்டைகள் இருக்கின்றன. உறுதியான, அதிகம் வளையாத பகுதி அது. இங்கே 6 மி.மீ.க்கு மிகாத ஓட்டை என்றால் முறையாக ஒட்டிப் பயன்படுத்தலாம். பெரும்பாலான ஆணி, திருகு, கம்பித் துண்டு பஞ்சர்கள் இந்த வகைதான்.

நடுப்பகுதி முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் வளைவை ‘ஷோல்டர்’ என்பார்கள். அங்கே ஒட்டு நிற்காது. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது.

பக்கச் சுவர் முற்றிலும் வேறு கதை. அதற்குள் எஃகுப் பட்டை கிடையாது. மெல்லிய நூலிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு வரிசையாக ஓடுகின்றன. காரின் எடையைச் சுமந்து நிற்கும் காற்றைப் பிடித்து வைத்திருப்பவை அந்த இழைகளே. பள்ளத்தின் கூரான விளிம்பில் சக்கரம் மோதும்போது டயர், சாலைக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்குகிறது. இழைகள் அறுகின்றன. ரப்பர் கிழியாததால் காற்று வெளியேறுவதில்லை. அறுந்த இடத்தில் வெறும் ரப்பர் மட்டும் அத்தனை அழுத்தத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் புடைக்கிறது. அறுந்த இழையைத் தைக்க உலகில் எந்தக் கடையிலும் வழி இல்லை. புடைப்பு சின்னதோ பெரியதோ, தீர்ப்பு ஒன்றுதான்: டயரை மாற்ற வேண்டும்.

ஒரு விளக்கம். பக்கச் சுவரில் உள்நோக்கிச் சின்னப் பள்ளக்கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். தயாரிக்கும்போது இழைத் துணியின் இரு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்த இடம் அது. வெளிநோக்கிப் புடைத்தால் மட்டுமே ஆபத்து.

பெட்டிச் செய்தி: உடனே மாற்ற வேண்டிய டயர்

● பக்கச் சுவரில் புடைப்பு, வெட்டு, துளை
● உள்ளிருக்கும் நூலிழையோ கம்பியோ வெளியே தெரிந்தால்
● நடுப்பகுதியில் 6 மி.மீ.க்குப் பெரிய ஓட்டை. அல்லது பழைய ஒட்டை ஒட்டியே இன்னொரு ஓட்டை
● பூவேலையின் (சாலையைத் தொடும் பகுதியில் உள்ள பள்ளங்களின்) ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழ் போனால்
● காற்றில்லாமல் ஓட்டியதில் உட்சுவர் அரைபட்டிருந்தால்
● பக்கச் சுவரிலும் பூவேலையின் பள்ளங்களிலும் ஆழமான வெடிப்புகள்

ஒட்டுவதிலும் இரண்டு வகை

சாலையோரத்தில் வழக்கமாக நடப்பது இது. டயரை ரிம்மிலிருந்து கழற்றாமலேயே தடித்த ஊசியால் ஓட்டையைக் குடைந்து, பசை தடவிய பழுப்புத் திரி ஒன்றைச் செருகுகிறார்கள். பத்து நிமிட வேலை. அவசரத்துக்கு உதவும், ஊர் போய்ச் சேரலாம். ஆனால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஓட்டை வழியாக இறங்கும் ஈரம் எஃகுப் பட்டையைத் துருப்பிடிக்கச் செய்யலாம்.

முறையான ஒட்டு என்றால் டயரைக் கழற்றி உட்புறம் பார்க்க வேண்டும். காளான் வடிவில் தண்டும் குடையும் கொண்ட ‘மஷ்ரூம் பேட்ச்’ ஒட்டை உள்ளிருந்து வைப்பார்கள். தண்டு ஓட்டையை நிரப்பும், குடை உட்புறத்தை மூடும். இதற்குக் கூடுதலாகச் சில நூறு ரூபாய் ஆகும், அரைமணி நேரம் பிடிக்கும். சாலையோரத்தில் திரி போட்டவர்கள், ஊர் போன பிறகு அதைக் கழற்றிச் சோதித்து இந்த ஒட்டைப் போட்டுக்கொள்வது நல்லது.

கழற்றிப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. டியூப்லெஸ் டயரில் காற்று இறங்கியது தெரியாமல் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டியிருந்தால், ரிம்மின் விளிம்பு உட்சுவரை அரைத்திருக்கும். டயரைக் கழற்றியதும் உள்ளே கரித்தூள் போல ரப்பர் பொடி கொட்டும். வெளியே டயர் புதிதாகவே தெரியலாம். அந்தப் பொடியைப் பார்த்துவிட்டால் ஒட்டு வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

டயரைப் படிக்கத் தெரியுமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வடிகிறது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் டயர் ஆலைகள் நிற்கின்றன. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய ஒரு சிறு பட்டறைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. டயர் நம் ஊர்ப் பொருள். ஆனால் அதன் மேல் எழுதியிருப்பதை நம்மில் பலர் படித்ததே இல்லை.

185/65 ஆர்15 88எச் என்றிருந்தால்: 185 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 65 என்பது அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது எடைக் குறியீடு. அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். எச் என்பது வேகக் குறியீடு; மணிக்கு 210 கி.மீ. வரை. புது டயர் வாங்கும்போது அளவு பொருந்த வேண்டும். எடைக் குறியீடும் வேகக் குறியீடும் கார் நிறுவனம் சொன்னதற்குக் குறையக் கூடாது. விலை குறைவு என்பதற்காகக் குறைந்த எடைக் குறியீட்டை வாங்கினால், ஐந்து பேரும் சாமான்களும் ஏறும் பண்டிகை நாளில் டயர் தன் அளவை மீறிச் சுமக்கும்.

இன்னொரு எண் நான்கு இலக்கத்தில், ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பல டயர்களில் இது ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். வெளியே தெரியாவிட்டால் உட்பக்கம் பாருங்கள்.

தேய்மானமும் வயதும்

புதிய கார் டயரின் பூவேலை ஏறக்குறைய 8 மி.மீ. ஆழம் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-வது விதிப்படி கார்களில் இது 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அளவுகோல் தேட வேண்டாம். பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பக்கச் சுவரின் மேல் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ முக்கோணக் குறியோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். பூவேலை தேய்ந்து அந்த மேட்டோடு மேடாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

ஆனால் சட்டத்தின் எல்லை வரை காத்திருப்பது மழைக்காலத்தில் புத்திசாலித்தனம் இல்லை. பள்ளங்களின் வேலையே சாலையின் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவதுதான். பள்ளம் ஆழம் குறைந்தால் தண்ணீர் வெளியேற இடமில்லை. வேகமாகப் போகும் கார் சாலையை விட்டுத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அந்த நொடியில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்காது. ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு நம் உள்ளங்கை அளவுதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, 3 மி.மீ. நெருங்கும்போதே மாற்றுவது பற்றி யோசிக்கத் தொடங்குவது நல்லது.

அதிகம் ஓடாத கார்களில் வேறு சிக்கல். பூவேலை அப்படியே இருக்கும், ரப்பர் மூத்திருக்கும். வெயிலும் காற்றும் அதன் நெகிழ்வைக் குறைக்கின்றன. மெல்லிய வெடிப்புகள் தோன்றுகின்றன. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டிச் சோதிப்பதும், பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டுகளைத் தாண்டாமல் மாற்றுவதும் டயர் துறையில் பரவலான அறிவுரை. ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று இறந்த விபத்தை விசாரித்த கலிபோர்னியா அதிகாரிகள், அதிவேகத்தோடு அந்த காரின் ஒன்பது வயது டயர்களையும் காரணமாகச் சொன்னார்கள்.

வெயில் காலத்தில் காற்றைக் குறைக்கலாமா?

“வெயில் ஜாஸ்தி, காத்து கம்மியா வை” என்பது நம் பெட்ரோல் பங்குகளில் கேட்கும் அறிவுரை. இது தவறு, ஆபத்தானதும்கூட. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைகிறது, வளைவதால் சூடாகிறது, சூடு ஏற ஏற ரப்பருக்கும் இழைக்கும் உள்ள பிடிப்பு விடுகிறது. பல வெடிப்புகளின் தொடக்கம் இந்தச் சூடுதான். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறமோ கார் நிறுவனம் ஒட்டியிருக்கும் சீட்டில் சரியான அளவு இருக்கும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு வையுங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். நைட்ரஜன் நிரப்பினாலும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு இல்லை.

பெட்டிச் செய்தி: ஓடும்போது வெடித்தால்

● ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் நேராக, இறுகப் பிடியுங்கள்.
● பிரேக்கைப் பலமாக மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாகக் குறையட்டும்.
● வேகம் நன்கு குறைந்த பின் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள்.
● எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, எல்லோரையும் சாலைப் பக்கமாக அன்றி இடப்புறமாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள்.
● தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. காயம் என்றால் 108.

ஒன்றா, இரண்டா, நான்கா?

மாற்றுவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி: எத்தனை?

ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் ஒரே வகையாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தோடு இருக்க வேண்டும். ஜோடி டயர் புதிதுபோலவே இருந்தால், அதே வகையில் ஒன்று வாங்கினால் போதும். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுவதே சரி. நான்கு சக்கரங்களும் இழுக்கும் காரில் நான்கும் ஒத்துப்போக வேண்டும். கார் நிறுவனத்தின் கையேட்டைப் பாருங்கள்.

இரண்டு வாங்கினால் எங்கே போடுவது? ‘ஸ்டீயரிங் முன்னால்தானே, புதுசு முன்னாலதான்’ என்பார்கள். புதியவை பின்னால் போக வேண்டும். முன் சக்கரம் ஈரத்தில் வழுக்கினால் ஓட்டுநர் உணர்வார், வேகத்தைக் குறைப்பார். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். திருத்த நேரம் கிடைக்காது.

மாற்றும் அன்றே பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் பாருங்கள். பள்ளத்தில் மோதி டயர் கெட்டிருந்தால் ரிம்மும் சஸ்பென்ஷனும் அடிபட்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் ஓரமாகத் தேய்ந்து சீக்கிரமே முடிந்துபோகும்.

செலவு குடும்பத்துக்குப் பாரம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது சிறு ஆறுதல். இன்சூரன்ஸ் கை கொடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் கிடையாது; காரும் சேர்ந்து அடிபட்டால் டயர் விலையில் பாதி மட்டுமே கிடைக்கும். டயருக்கென்று தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் டயர் பற்றி ஒரு வார்த்தை. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டி, கறுப்புப் பூசி, புதிதுபோல விற்பதுண்டு. வெட்டிய பள்ளத்துக்கு அடியில் எஃகுப் பட்டையைக் காக்க ரப்பரே இருக்காது. அது எத்தனை அடி வாங்கியது, எத்தனை நாள் காற்றில்லாமல் ஓடியது என்பது விற்பவருக்கும் தெரியாது. லாரிக்கும் பேருந்துக்கும் முறையான ஆலையில் ரீட்ரெட் செய்வது வேறு. கார் டயருக்கு இந்தக் கத்தி வேலை வேண்டவே வேண்டாம்.

மறந்துபோன ஐந்தாவது டயர்

1904-ல் வேல்ஸின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் ஒரு கடையில் பிறந்தது மாற்றுச் சக்கரம். அந்தத் தெருவின் பெயரைத்தான் நாம் இன்றும் சொல்கிறோம். இப்போது அது எல்லா கார்களிலும் இருப்பதில்லை. டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், காற்றழுத்தம் காட்டும் கருவி மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. கார் வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கிட்டில் உள்ள பசை, ஆணி ஓட்டையை அடைக்கும். கிழிந்த பக்கச் சுவரை அடைக்காது. ஸ்டெப்னி இருப்பவர்கள், மற்ற நான்குக்கும் காற்று பார்க்கும்போதே அதற்கும் பாருங்கள். அதற்கும் வயதாகிறது.

கழற்றிய டயரை மொட்டைமாடியில் போடாதீர்கள். மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே தொட்டில். போகி நெருப்பில் எரித்தால் நச்சுப்புகை. டயர் போட்ட கடையிலேயே கொடுத்துவிடுங்கள். பழைய டயர்களை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022 முதல் தயாரிப்பாளர்கள்மீது சட்டம் சுமத்தியிருக்கிறது.

வாசலில் பத்து நிமிடம்

விக்கிரவாண்டி புளியமரத்தடியில் ஸ்டெப்னிக்குக் காற்றேற்றி மாட்டி முடித்தபோது மணி எட்டு. சாக்பீஸ் வட்டம் போட்ட டயர் டிக்கிக்குள் போனது. “எண்பதுக்கு மேல போகாதீங்க சார். முகூர்த்தம் கொஞ்சம் தள்ளிப் போனா ஒண்ணும் ஆகிடாது” என்றார் கடைக்காரர். ஒட்டாத பஞ்சருக்குக் காசு வேண்டாம் என்று, சக்கரம் மாற்றிய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

எல்லோருக்கும் அப்படி ஒருவர் வழியில் கிடைப்பார் என்று நம்பிப் புறப்பட முடியாது. அடுத்த பயணத்துக்கு முந்தைய நாள் காலை, பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஐந்து டயருக்கும் காற்று பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி, முன் டயர்களின் உட்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். தேய்மான மேட்டைப் பாருங்கள். நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். மாற்ற வேண்டியதை அன்றே மாற்றிவிடுங்கள். அந்த முடிவை உங்கள் வீட்டு வாசலிலேயே எடுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில், குழந்தை பின் இருக்கையில் தூங்கும்போது, நெடுஞ்சாலை அதை எடுக்கும்படி விட்டுவிடாதீர்கள்.